கொலை, கொல்லி, அழிப்பு: ஆங்கிலத்தின் ‘சைட்’ ஈற்றுச் சொற்களும் அவற்றின் தமிழாக்கமும்

ஆங்கிலத்தில் ‘சைட்’ என முடியும் சொற்கள் பல. ‘ஹோமிசைட்’, ‘சூயிசைட்’, ‘ரெஜிசைட்’, ‘இன்ஃபேன்டிசைட்’, ‘ஜெனோசைட்’ என்பன ஒரு தொகுதி. ‘இன்செக்டிசைட்’, ‘பெஸ்டிசைட்’, ‘ஹெர்பிசைட்’, ‘ஃபங்கிசைட்’ என்பன மற்றொரு தொகுதி. முன்னது சட்டத்துக்கும் வரலாற்றுக்கும் உரியது. பின்னது வேளாண்மைக்கும் மருத்துவத்துக்கும் உரியது. இரண்டையும் ஒரே ஈறு பிணைத்து நிற்பதால், அவ்வீற்றின் பொருளை ஒருமுறை அறிந்துகொண்டால் எல்லாச் சொற்களையும் பெயர்த்துவிடலாம் என்னும் எண்ணம் கலைச்சொல்லாக்கத்தில் இயல்பாகவே எழுகின்றது. ஈற்றுக்கு ஈறு வைக்கும் இம்முறை தமிழ் அறிவியல் எழுத்துக்குப் பெருந்துணை புரிந்துள்ளது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ‘சைட்’ ஈற்றைப் பொறுத்தவரை அது சில சொற்களில் பொருளைக் குறுக்கியுள்ளது; வேறு சிலவற்றில் இல்லாத கொலையை ஏற்றியுள்ளது. ‘ஜெனோசைட்’ போன்ற ஒரு சொல்லில் இக்குறுக்கம் வெறும் அகராதிச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை.

இலத்தீன் வேர்

இவ்வீறு இலத்தீன் மொழியின் ‘கைதெரெ’ என்னும் வினையிலிருந்து பிறந்தது. வெட்டுதல், அடித்தல், மரத்தை வெட்டி வீழ்த்துதல், கொல்லுதல் என்பன அதன் பொருள்கள். வெட்டுதலே அடிப்படைப் பொருள். கொல்லுதல் அதன் வளர்ச்சி. தமிழிலும் ‘வெட்டு’ என்னும் வினை மரத்துக்கும் மண்ணுக்கும் மனிதனுக்கும் ஒருங்கே வழங்குவதால் இவ்வளர்ச்சி தமிழருக்கு வியப்பளிப்பதன்று. வெட்டுதற் பொருள் மட்டும் தங்கிய ஆங்கிலச் சொற்களும் உள. ‘இன்சிஷன்’ அறுவை மருத்துவர் இடும் வெட்டு. ‘கன்சைஸ்’, ‘பிரிசைஸ்’ ஆகியவற்றில் வேண்டாதவற்றை வெட்டி நீக்கிய சுருக்கமும் துல்லியமும் புலப்படுகின்றன. கல்லை வெட்டியபோது தெறித்த சில்லுகளுக்கு இட்ட பெயரே நாளடைவில் ‘சிமென்ட்’ ஆயிற்று. முடிவுசெய்தலைக் குறிக்கும் ‘டிசைட்’ என்பதும் இக்குடும்பத்தைச் சார்ந்ததே. அதன் இலத்தீன் மூலத்துக்கு வெட்டி விலக்குதல் என்பது பொருள். ‘வெட்டு ஒன்று துண்டு இரண்டு’ எனத் தமிழர் கூறும் வழக்கில் உள்ள உருவகமும் இதுவே.

ஒலி ஒப்புமையால் இக்குடும்பத்தில் வந்து கலந்துவிடும் அயற்சொற்களைப் பிரித்தறிய வேண்டும். இலத்தீனில் ‘கதெரெ’ என்னும் வேறொரு வினை உண்டு. அதன் பொருள் விழுதல். முன்னொட்டுச் சேரும்போது ‘கைதெரெ’ என்பது ‘கீதெரெ’ என நெடிலாகவும், ‘கதெரெ’ என்பது ‘கிதெரெ’ எனக் குறிலாகவும் திரியும். ஆகவே ‘ஒக்கீதெரெ’ என்றால் கொல்லுதல். ‘ஒக்கிதெரெ’ என்றால் வீழ்தல், ஞாயிறு மறைதல். மேற்குத் திசையைச் சுட்டும் ‘ஆக்ஸிடென்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் பின்னதிலிருந்து வந்தது. தற்செயல் நிகழ்வைக் குறிக்கும் ‘ஆக்சிடென்ட்’, ஒருங்கே நிகழ்தலைக் குறிக்கும் ‘கோயின்சைட்’ ஆகியனவும் விழுதல் வேரின. ‘கோயின்சைட்’ என்பதன் ஈறு ‘ஹோமிசைட்’ ஈற்றோடு எழுத்தளவில் முற்றும் ஒன்றுபட்டிருப்பினும் அதில் கொலை இல்லை. ஆங்கில எழுத்து முறை குறில் நெடில் வேறுபாட்டை மறைத்துவிட்டது. அவ்வேறுபாட்டை எழுத்திலேயே காட்டும் தமிழில் இது உடனே விளங்கிவிடுகிறது.

செய்பவனும் செயலும்

இலத்தீனில் இவ்வீறு ஒன்றன்று, இரண்டு. கொல்பவனைக் குறிக்க ‘கீத’ என்றும், கொல்லும் செயலைக் குறிக்க ‘கீதிஉம்’ என்றும் இரு வடிவங்கள் இருந்தன. ‘ஹொமிகீத’ மனிதனைக் கொன்றவன்; ‘ஹொமிகீதிஉம்’ அவன் செய்த கொலை. இச்சொற்கள் பிரெஞ்சு மொழி வழியே வந்தபோது இறுதி அசைகள் தேய்ந்து, இரண்டும் ஒரே வடிவாயின. ஆங்கிலம் அவ்வடிவையே ஏற்றது. அதனால்தான் ஆங்கிலத்தில் ‘ஹோமிசைட்’, ‘பாரிசைட்’ ஆகியன கொன்றவனையும் கொலையையும் ஒருசேரக் குறிக்க இடமுண்டு. இங்கிலாந்து வரலாற்றில் ‘ரெஜிசைட்’ என்னும் சொல் பெரும்பாலும் ஆட்களையே குறிக்கும். 1649இல் முதலாம் சார்லஸ் மன்னரின் மரண ஆணையில் ஒப்பமிட்ட 59 பேரும், அவர்களோடு சேர்த்து எண்ணப்பட்ட வேறு சிலரும் அப்பெயரால் வழங்கப்பெற்றனர். 1660இல் முடியாட்சி மீண்டபின் தண்டிக்கப்பட்டவர்களும் அவர்களே. இவ்விடத்தில் ‘அரசக்கொலை’ என எழுதும் மொழிபெயர்ப்பு பொருளற்றதாகிவிடும். ‘மன்னனைக் கொன்றோர்’ என்றே பெயர்த்தல் வேண்டும்.

ஆங்கிலம் இழந்துவிட்ட இந்த வேறுபாடு தமிழில் தெளிவாக வாழ்கின்றது. ‘கொல்’ என்னும் பகுதி ஐகார விகுதி பெற்றுக் ‘கொலை’ எனத் தொழிற்பெயராகிறது. இகர விகுதி பெற்றுக் ‘கொல்லி’ என நிற்கும்போது கொல்வதனைக் குறிக்கிறது. குறள் (306) சினத்துக்கு இடும் ‘சேர்ந்தாரைக்கொல்லி’ என்னும் பெயர் நெருப்பைச் சுட்டுவதாக உரைகாரர் கொள்வர். ‘ஆட்கொல்லி’ப் புலி என்பது இன்றைய வழக்கு. மேலும், இவ்விகர விகுதி வினைமுதலை மட்டும் குறிப்பதன்று. ‘மண்வெட்டி’ என்பதிற்போலக் கருவியையும் குறிக்கும். பூச்சியைக் கொல்லும் நஞ்சுக்குப் ‘பூச்சிக்கொல்லி’ எனப் பெயரிட்டவர், அறிந்தோ அறியாமலோ, ஆங்கிலத்தைவிட நுட்பமான கருவியையே கையாண்டுள்ளனர். ஆங்கிலத்தின் ஓர் ஈற்றைத் தமிழ் இரண்டாகப் பகுத்துக்கொண்டமை கலைச்சொல்லாக்கத்தின் குறிப்பிடத்தக்க வெற்றி.

அண்டை மொழிகளும் ஏறத்தாழ இவ்வாறே பகுக்கின்றன. இந்தியில் தற்கொலை ‘ஆத்மஹத்யா’, பூச்சிக்கொல்லி ‘கீட்நாஷக்’. மலையாளத்தில் முறையே ‘ஆத்மஹத்ய’, ‘கீடநாசினி’. அங்கெல்லாம் செயலுக்குக் கொலையும் கருவிக்கு நாசமும் என வேறு வேறு வேர்கள் ஆளப்பட, தமிழ் ஒரே வேரிலிருந்து இரண்டையும் ஆக்குகிறது. ‘கிருமிநாசினி’ என்னும் சொல்லில் மட்டும் வடமொழி வழியைத் தமிழும் பின்பற்றியுள்ளது. வடமொழியின் ‘ஹத்யா’ தமிழில் பெற்ற ஒரு மாற்றமும் சுட்டத்தக்கது. ‘பிரமகத்தி’ என்பது கொலைச் செயலையும் அதனால் வரும் பாவத்தையும் குறித்தலோடு நில்லாமல், கொன்றவனைத் தொடர்ந்து வரும் ஓர் உருவாகவும் கொள்ளப்பட்டது. வரகுணபாண்டியனைப் பற்றிய அது திருவிடைமருதூரில் நீங்கியதாகப் புராணம் கூறும். செயற்பெயர் தானே ஆளாகிவிட்ட இந்நிகழ்வு, ஆங்கிலத்தில் நேர்ந்த மயக்கத்துக்கு முற்றிலும் வேறான காரணத்தால் நேர்ந்தது.

கேட்கும் ஈறும் கேளா ஈறும்

ஈற்றுக்கு ஈறு வைக்கும் முறையின் குறை வேறோரிடத்தில் உள்ளது. ஆங்கிலம் பேசுவோர் ‘பெஸ்டிசைட்’ என்னும்போது அவர்கள் செவியில் ‘கொல்’ என்னும் வினை ஒலிப்பதில்லை. இலத்தீன் கல்லாதவர்க்கு அவ்வீறு வெறும் ஒலியே. தமிழில் ‘கொலை’, ‘கொல்லி’ என்பன அவ்வாறு மங்கியவையல்ல. சொல்லுந்தோறும் கொல்லுதல் செவியில் விழுகிறது. ஆகவே மங்கிய ஓர் ஈற்றைத் தெளிந்த ஒரு வினையால் பெயர்க்கும்போது சொல்லின் எடை கூடிவிடுகிறது. அக்கூடுதல் சில இடங்களில் நன்மை, சில இடங்களில் தீமை.

நன்மைக்குச் சான்று பூச்சிக்கொல்லியே. ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட ‘சைலன்ட் ஸ்பிரிங்’ என்னும் நூலில், இந்நஞ்சுகள் பூச்சிகளோடு நில்லாது எல்லா உயிர்களையும் தாக்குவதால் ‘இன்செக்டிசைட்’ என்பதற்கு மாறாக ‘பயோசைட்’ என்று அழைக்கப்பட வேண்டும் என வாதிட்டார். ஈற்றை விட்டுவிட்டு முன்சொல்லை மாற்றியதன் வாயிலாக, மங்கிப்போன ஈற்றையே அவர் மீண்டும் ஒலிக்கச் செய்தார் எனலாம். தமிழில் அம்முயற்சிக்குத் தேவையில்லை. ‘கொல்லி’ தன் தொழிலை மறைப்பதில்லை. ஆனால் உழவர் வழக்கோ வேறு. வயலில் தெளிப்பதனை அவர்கள் ‘மருந்து’ என்பர். தெளித்தலை ‘மருந்து அடித்தல்’ என்பர். ஏட்டுச்சொல் உண்மையைக் கூற, வழக்குச்சொல் அதனை மறைக்கும் அரிய இடம் இது. கேரளத்தின் காசர்கோடு மாவட்ட முந்திரித் தோட்டங்களில் 2000ஆம் ஆண்டு வரை வானிலிருந்து எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டது. அங்குள்ள மக்கள் உற்ற ஊறுகள் நாடறிந்தவை. 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்நஞ்சைத் தடைசெய்தது. பூச்சியைக் கொல்ல வந்ததன் பெயரில் பூச்சி மட்டும் இருப்பது எத்துணைப் பெரிய மறைப்பு என்பதற்கு அவ்வூர்களே சான்று.

தீமைக்குச் சான்று மருத்துவத் தமிழில் உள்ளது. ‘ஆன்டிபயாட்டிக்’ என்பதை ‘நுண்ணுயிர்க்கொல்லி’ எனச் சிலர் எழுதுகின்றனர். ஆங்கிலச் சொல்லில் ‘சைட்’ ஈறு இல்லை. ஒப்புமையால் வந்து ஏறியது. இம்மருந்துகளுள் பெனிசிலின் போன்றவை நுண்ணுயிரைக் கொல்வன. டெட்ராசைக்ளின் போன்றவை அதன் பெருக்கத்தைத் தடுத்து நிறுத்துவன. முன்னதை ‘பாக்டீரிசைடல்’ என்றும் பின்னதை ‘பாக்டீரியோஸ்டாட்டிக்’ என்றும் மருத்துவ நூல்கள் பிரிக்கும். இரண்டையும் கொல்லியாக்கிவிட்டபின் இப்பிரிவினையைத் தமிழில் கற்பிக்க வழியில்லை. ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ எனப் பொதுப்பெயர் கொண்டு, கொல்வதற்கு மட்டும் ‘கொல்லி’யை வைத்துக்கொள்வதே முறை.

கொலையாகாத மரணமும் தன்னுயிர் மாய்ப்பும்

சட்டத் தமிழில் ‘ஹோமிசைட்’ எவ்வாறு பெயர்க்கப்பட்டது என்பது பாராட்டுக்குரியது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 299ஆம் பிரிவில் ‘கல்பபிள் ஹோமிசைட்’ என்பதனையும், 300ஆம் பிரிவில் ‘மர்டர்’ என்பதனையும் வரையறுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 100, 101 ஆகிய பிரிவுகளிலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. எல்லாக் கொலைக்குற்றமும் மனித மரணம் விளைவித்தலே. ஆனால் மனித மரணம் விளைவித்தல் எல்லாம் கொலைக்குற்றமன்று. இரண்டையும் ‘கொலை’ என்று பெயர்த்திருந்தால் சட்டமே குழம்பியிருக்கும். ‘கொலைக்குற்றமாகாத மரணம் விளைவித்தல்’ என்னும் தொடர் நீண்டதாயினும், ஈற்றைப் பாராது பொருளைப் பார்த்து ஆக்கியது. நாளிதழ்கள் அதனை அன்றாடம் ஆளுகின்றமையால் நீளம் ஒரு தடையன்று என்பதும் தெளிவு.

‘சூயிசைட்’ பழைய இலத்தீன் வழக்கில் இல்லாத சொல். ஆங்கிலத்தில் அது 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் பிரவுன் என்னும் மருத்துவர் எழுதிய ‘ரெலிஜியோ மெடிசி’ என்னும் நூலில் முதலிற் காணப்படுவதாகக் கொள்வர். அதற்கு முன் ‘செல்ஃப் மர்டர்’ என்பது போன்ற நேர்ச்சொற்களே வழங்கின. புதிய சொல்லைப் பலர் விரும்பவில்லை. மில்ட்டனின் சகோதரி மகனும் அகராதியாளருமான எட்வர்ட் பிலிப்ஸ், இலத்தீனில் பன்றிக்கும் ‘சு’ என்றே வேர் இருப்பதைச் சுட்டி, இச்சொல் பன்றிக்கொலையைக் குறித்தாலே பொருந்தும் என எள்ளினார். ஏளனத்தைக் கடந்து சொல் நிலைத்தது. நிலைத்தமைக்கு ஒரு காரணம் அதன் மங்கல் எனலாம்: ‘மர்டர்’ என்னும் பழிச்சொல் அதில் கேட்பதில்லை.

தமிழின் ‘தற்கொலை’ பிரவுனுக்கு முந்திய நேர்ச்சொல்லையே ஒத்தது. தன் + கொலை எனப் பிரித்தால் பழி முழுமையாக வெளிப்படும். தமிழ் மரபு எல்லாத் தன்னிறப்பையும் கொலையாக எண்ணியதில்லை என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தமையை எவரும் தற்கொலை எனக் கூறுவதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, உயிர்விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என வகுத்தது. நோயாளியாகக் கருதப்படுபவரைக் கொலைஞராகச் சுட்டும் சொல் சட்டத்தின் போக்குக்கு மாறானது. இதழ்கள் சில ‘உயிரை மாய்த்துக்கொண்டார்’ என எழுதுவது மங்கலவழக்கு மட்டுமன்று, திருத்தமும் ஆகும்.

‘ஃபீமேல் ஃபீட்டிசைட்’ என்னும் இந்திய ஆங்கில வழக்கைத் தமிழ் ‘பெண் கருக்கொலை’ என்றும், சில வேளை ‘பெண் சிசுக்கொலை’ என்றும் பெயர்க்கிறது. பின்னது தெளிவான பிழை. பிறந்த பெண்மகவைக் கொல்லுதலைத் தடுக்கவே 1992இல் தமிழ்நாட்டில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது; கருவின் பாலறிந்து கலைத்தலை ஒழுங்குபடுத்த 1994இல் வேறு சட்டம் வந்தது. இரண்டும் வெவ்வேறு குற்றங்கள். ‘கருக்கொலை’ என்பதிலும் சிக்கல் உண்டு. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கருக்கலைப்பு வரையறைகளுக்குட்பட்டு ஏற்கப்பட்டது. குற்றம் கலைத்தலில் இல்லை, பால் தேர்ந்து கலைத்தலில் உள்ளது. ‘கொலை’ என்னும் சொல் குற்றத்தை இடம் மாற்றி வைத்துவிடுகிறது. பெண்ணுரிமையாளர் ‘பால் தேர்வு’ என்னும் தொடரை விழைவதன் காரணம் இதுவே.

ஜெனோசைட்

இச்சொல்லைப் படைத்தவர் ரஃபேல் லெம்கின் என்னும் போலந்து நாட்டு யூதச் சட்ட அறிஞர். 1944இல் அமெரிக்காவில் வெளியான ‘ஆக்சிஸ் ரூல் இன் ஆக்குபைட் யூரோப்’ என்னும் நூலில் அதனை அறிமுகம் செய்தார். கிரேக்க மொழியின் ‘கெனோஸ்’ என்பதனோடு இலத்தீன் ஈற்றை இணைத்தார். ‘டைரன்னிசைட்’, ‘ஹோமிசைட்’, ‘இன்ஃபேன்டிசைட்’ ஆகியவற்றின் அமைப்பை அதற்கு ஒப்புக் காட்டினார். அமைப்பில் ஒப்புமை கூறினாரேயன்றிப் பொருளை ஈற்றோடு நிறுத்தினாரல்லர். ஓர் இனக்குழுவின் உறுப்பினர் அனைவரையும் உடனே கொன்றொழித்தல் மட்டுமே தாம் கருதியதன்று என்பதை அவர் அந்நூலிலேயே விளக்கினார். அக்குழுவின் மொழி, பண்பாடு, பொருளியல் வாழ்வு, சமயம், தன்மதிப்பு ஆகிய அடித்தளங்களைத் திட்டமிட்டுத் தகர்த்தலும் அவருக்கு ‘ஜெனோசைட்’ ஆகும்.

ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 1948 டிசம்பர் 9 அன்று ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை இப்பரப்பைக் குறுக்கியது, பண்பாட்டழிப்பு விடுபட்டது. குறுக்கிய பின்னும் அதன் இரண்டாம் உறுப்பு ஐவகைச் செயல்களைக் கூறுகிறது. கொல்லுதல் அவற்றுள் ஒன்று மட்டுமே. உடலுக்கோ உள்ளத்துக்கோ கடுந்தீங்கு விளைத்தல், அழிவு நேரும் வண்ணம் வாழ்நிலைகளைத் திணித்தல், மகப்பேற்றைத் தடுத்தல், குழந்தைகளை வலிந்து வேறு குழுவுக்கு மாற்றுதல் ஆகிய நான்கும் கொலையல்ல. இந்தியா 1959இல் இவ்வுடன்படிக்கையை உறுதிசெய்தது.

தமிழில் இதற்குப் பெருவழக்காக உள்ளது ‘இனப்படுகொலை’. படுகொலை என்பது கொடிய, பெரும்பாலும் கூட்டமாக நிகழும் கொலை. ஈற்றை மட்டும் நோக்கினால் இம்மொழிபெயர்ப்புக் குறையற்றது. உடன்படிக்கையை நோக்கினால் ஐந்தில் நான்கு அதில் அடங்கவில்லை. ருவாண்டாவுக்கான பன்னாட்டுத் தீர்ப்பாயம் 1998இல் அக்கயேசு வழக்கில், குழுவை அழிக்கும் நோக்குடன் இழைக்கப்பட்ட பாலியல் வன்கொடுமையும் ‘ஜெனோசைட்’ ஆகும் எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை ‘இனப்படுகொலை’ என்னும் சொல்லை வைத்துக்கொண்டு தமிழில் விளக்க முற்படுவோர், கொலையல்லாத ஒன்றைக் கொலை என்று கூற நேர்கிறது.

மறுதலையும் உண்டு. பன்னாட்டு நீதிமன்றம் 2007 பிப்ரவரியில் பொஸ்னியா வழக்கில், 1995இல் ஸ்ரெப்ரெனிட்சாவில் நிகழ்ந்ததை மட்டுமே ‘ஜெனோசைட்’ எனக் கண்டது. பொஸ்னியாவின் பிற பகுதிகளில் பெருங்கொலைகள் நிகழ்ந்தமையை ஏற்றும், குழுவை அழிக்கும் தனி நோக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. தீர்ப்பின் சரிபிழை வேறு ஆய்வு. மொழிபெயர்ப்பு நோக்கில், ‘படுகொலைகள் நிகழ்ந்தன, ஆனால் இனப்படுகொலை நிகழவில்லை’ என்று தமிழில் வரும் தொடர் படிப்போருக்கு முரணாகவே தோன்றும். முரண் தீர்ப்பில் இல்லை, சொல்லில் உள்ளது. கொல்லப்பட்டோர் எண்ணிக்கை இக்குற்றத்தின் அளவுகோலன்று, நோக்கமே அளவுகோல். ‘படுகொலை’ எண்ணிக்கையையும் கொடுமையையும் முன்னிறுத்தி நோக்கத்தைப் பின்தள்ளுகிறது.

இச்சிக்கல் ஏட்டளவில் நிற்பதன்று. இலங்கையின் வடக்கு மாகாண சபை 2015 பிப்ரவரி 10 அன்று நிறைவேற்றிய தீர்மானம் இக்குற்றச்சாட்டையே மையமாகக் கொண்டது. அத்தகைய வாதங்களில் நில இழப்பு, இடப்பெயர்வு, மொழியுரிமை, வாழ்நிலைகள் ஆகியன போர்க்கால இறப்புகளோடு சேர்த்தே எடுத்துரைக்கப்படுகின்றன. ‘இனப்படுகொலை’ என்னும் சொல்லால் அவ்வாதம் வழங்கும்போது, கொலையல்லாதன யாவும் பின்னணிச் செய்திகளாகத் தாழ்ந்துவிடுகின்றன. ஈழத்து எழுத்தில் ‘இன அழிப்பு’ என்னும் சொல்லும் இணையாக வழங்கி வருவது தற்செயலன்று. மலையாளம் ‘வம்சஹத்ய’ எனக் கொலையையே பற்றிக்கொண்டது; கன்னடம் ‘நரமேத’ என வேள்விச் சொல்லை எடுத்துக்கொண்டது. இவற்றினும் ‘இன அழிப்பு’ உடன்படிக்கையின் பொருளுக்கு அணித்தானது. ஒரு நாள், ஓர் ஊர் என நிகழ்ந்த கொலையைக் குறிக்கப் ‘படுகொலை’ தன்னளவில் நிற்கட்டும். குற்றத்தின் பெயராக ‘இன அழிப்பு’ நிற்பதே தக்கது. சமயக் குழுக்களும் உடன்படிக்கையின் காப்புக்கு உட்பட்டவை. அவற்றை ‘இனம்’ முழுமையாகத் தழுவாது என்னும் தடையை எழுப்பலாம். அத்தடை வலுவுடையதே. ஆயினும் ‘இனம்’ தமிழில் சாதி, வகை, கூட்டம் என விரிந்த பொருளுடையதாதலின் அக்குறை தாங்கத்தக்கது.

அழிவும் அழிப்பும்

‘அழிப்பு’ என்பதற்கு மற்றொரு தகுதியும் உண்டு. ‘அழிவு’ தன்வினை வழிப் பிறந்தது. ‘அழிப்பு’ பிறவினை வழிப் பிறந்தது. அழிவு தானே நேரலாம். அழிப்புக்குச் செய்வோன் வேண்டும். ‘சைட்’ ஈற்றின் உயிர்நாடியும் செய்வோன் இருத்தலே. வெட்டு என்றால் வெட்டியவன் இருந்தாக வேண்டும். ஆகவே மொழிகள் தாமே வழக்கொழிவதை ‘மொழி அழிவு’ என்றும், ஆட்சியால் ஒழிக்கப்படுவதாகிய ‘லிங்குவிசைட்’ என்பதை ‘மொழி அழிப்பு’ என்றும் பிரித்தெழுதலாம். ‘மொழிக்கொலை’ இங்கே உதவாது. ஒற்றுப் பிழையோடு எழுதுவோரைத் ‘தமிழ்க்கொலை’ செய்வதாகக் கடியும் வழக்கு அச்சொல்லை நகைச்சுவையாக்கிவிட்டது.

அண்மைக்காலச் சொல்லாகிய ‘ஈக்கோசைட்’ இவ்வகையில் எச்சரிக்கையோடு பெயர்க்கத்தக்கது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படை காடுகளின் மீது தெளித்த களைக்கொல்லிகளைக் கண்டித்து, ஆர்தர் கால்ஸ்டன் என்னும் தாவரவியலாளர் 1970இல் இச்சொல்லை முன்வைத்தார். கருவியைக் குறிக்கும் ‘ஹெர்பிசைட்’ குற்றத்தைக் குறிக்கும் ‘ஈக்கோசைட்’ என்பதைப் பிறப்பித்தது. ஈற்றின் இரு தொகுதிகளும் ஒரே போர்க்களத்தில் சந்தித்தன. தமிழில் இதனைச் ‘சூழல் அழிவு’ என எழுதுவோர் உளர். வெள்ளத்தாலும் வறட்சியாலும் நேர்வதற்கு அப்பெயர் பொருந்தும். 2021 ஜூனில் பன்னாட்டுச் சட்ட வல்லுநர் குழு ஒன்று வகுத்த வரையறையோ, கடுமையானதும், பரந்ததோ நெடுநாள் நீடிப்பதோ ஆனதுமான கேடு நேரக்கூடும் என அறிந்தே செய்யும் செயல் என்கிறது. அறிந்து செய்தல் என்பது அவ்வரையறையின் உறுப்பு. ‘சூழல் அழிப்பு’ என்றாலன்றி அது தமிழில் வாராது.